துனிசியாவில் கலகலப்பான கடற்கரை ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வட ஆப்பிரிக்காவில் கடற்கரை விடுமுறை என்று முடிவானதும் நிறையப் பேர் முதலில் செய்வது, புக்கிங் தளத்தைத் திறந்து ஐந்து நட்சத்திர ஓட்டல்களை விலை வரிசையில் அடுக்கிப் பார்ப்பதுதான். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஓட்டல் நன்றாகவே இருக்கும், நீச்சல் குளம் படத்தில் பார்த்த மாதிரியே நீலமாக இருக்கும், ஆனால் சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று கேட்டைத் தாண்டினால் இருட்டான நெடுஞ்சாலையும் காலி மனையும் தவிர ஒன்றும் இருக்காது. மூன்றாம் நாளே போர் அடித்துவிடும். கலகலப்பு வேண்டுமென்றால் முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அந்த ஊருக்குள் எந்தப் பகுதி என்று பாருங்கள், அதற்கும் அப்புறம்தான் ஓட்டல். இந்த வரிசை மாறினால் எவ்வளவு காசு கொட்டினாலும் சரிவராது.

இங்கே நான் துனிசியாவை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன், காரணம் உண்டு. மொராக்கோவின் அகாதிரில் அழகான நீண்ட கடற்கரை இருக்கிறது, ஆனால் அது அட்லாண்டிக், கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், அலையும் அதிகம். எகிப்தின் செங்கடல் பக்கம் பவளப்பாறையும் மீன்களும் பார்க்க அதற்கு ஈடு இல்லை, ஆனால் அங்கே பல ரிசார்ட்டுகள் தனித்தனித் தீவு மாதிரி, சுற்றுச்சுவருக்குள்ளேயே உங்கள் வாரம் முடிந்துவிடும். துனிசியாவில் மட்டும்தான் மணல் கடற்கரை, ஆழமில்லாத வெதுவெதுப்பான மத்தியதரைக் கடல், உள்ளூர் ஆட்கள் குடும்பத்தோடு ராத்திரி நடமாடும் கடலோரத் தெரு, பக்கத்திலேயே ஆயிரம் வருடப் பழைய ஊர், எல்லாமே நடக்கும் தூரத்தில் கிடைக்கின்றன. லண்டன், பாரிஸ், ஜெர்மனி பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு விமானப் பயணம் இரண்டரை, மூன்று மணி நேரம்தான், விமானமும் ஓட்டலும் சேர்ந்த பேக்கேஜும் ஸ்பெயினை விடப் பெரும்பாலும் மலிவு.

முதல் படி: உங்களுக்கு எந்த மாதிரிக் கலகலப்பு வேண்டும்?

இதைக் கூட வருபவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஒருவருக்குக் கலகலப்பு என்றால் விடியும்வரை டிஸ்கோ. இன்னொருவருக்கு, குழந்தைகள் தண்ணீர்ச் சறுக்கில் விளையாட, ராத்திரி மேடையில் ஆட்டம் பாட்டம் நடக்க, தான் ஒரு நாற்காலியில் சாய்ந்திருப்பது. மூன்றாவது ஆளுக்கு, உள்ளூர்க் கூட்டத்தோடு கலந்து கடலோரம் நடந்து, தெருக்கடையில் வாங்கிச் சாப்பிட்டு, சந்தையில் பேரம் பேசுவது. மூன்றும் துனிசியாவில் உண்டு, ஆனால் ஒரே தெருவில் கிடைக்காது. அம்மா அப்பாவையும் அழைத்துப் போகிறீர்கள் என்றால் டிஸ்கோவுக்குப் பக்கத்து ஓட்டலை எடுத்துவிட்டு அவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஊர்

கலகலப்பில் எனக்கு முதல் இடம் சூஸ்தான். துனிசியாவின் மூன்றாவது பெரிய நகரம், சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் தன் பாட்டுக்கு இரைச்சலோடு ஓடும் ஊர். பூஜாஃபர் கடற்கரை ஊருக்கு நடுவிலேயே தொடங்கி வடக்கே நீள்கிறது, அதை ஒட்டிய கடலோரச் சாலையில் ஐஸ்கிரீம் கடை, காபிக்கடை, பீட்சா கடை என்று வரிசையாக இருக்கும், கோடையில் நள்ளிரவு தாண்டியும் கைக்குழந்தையோடு குடும்பங்கள் நடந்துகொண்டிருக்கும். கோடை இரவுகள் அங்கே இவ்வளவு விழித்திருப்பதற்கு ஒரு காரணம், ஜூலை, ஆகஸ்டில் அரசு அலுவலகங்கள் மதியத்தோடு மூடிவிடும் வழக்கம். மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வெயில் தணிந்ததும்தான் ஊரே வெளியே கிளம்பும். கடலோரச் சாலையின் தெற்கு முனையிலிருந்து கொஞ்சம் நடந்தால் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய ஊர், அதற்குள் ஒன்பதாம் நூற்றாண்டுப் பெரிய பள்ளிவாசல், ரிபாத் கோட்டை, மேட்டில் காஸ்பா என்ற கோட்டைக்குள் மொசைக் ஓவியங்கள் நிறைந்த அருங்காட்சியகம். ஜூலை 24-ஐ ஒட்டி அவுசு திருவிழா ஊர்வலம் நடக்கும் சமயத்தில் போனால் கடலோரச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது, அது ஒரு தனி அனுபவம். குறையும் சொல்ல வேண்டும்: நகரக் கடற்கரை என்பதால் கோடை வார இறுதியில் நெரிசல் கடுமையாக இருக்கும், மணலும் ரிசார்ட் கடற்கரை அளவுக்குச் சுத்தமாக இருக்காது. இளைஞர் கூட்டத்துக்கும், தெரு வாழ்க்கை பிடித்தவர்களுக்கும் சூஸ்.

அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வடக்கே எல் காந்தாவி துறைமுகம். இது 1970-களின் கடைசியில் சுற்றுலாவுக்காகவே புதிதாகக் கட்டிய ஊர், நடுவில் படகுத்துறை, அதைச் சுற்றி வெள்ளை நிறத்தில் கடைகளும் உணவகங்களும், இசைக்கு ஏற்ப ஆடும் நீரூற்று, குழந்தைகளுக்கு ராட்டினப் பூங்கா, தண்ணீர்ப் பூங்கா, பெரியவர்களுக்கு 36 குழி கோல்ஃப் மைதானம். கார் தொல்லை குறைவு என்பதால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ராத்திரி சுற்ற இதைவிடச் சுலபமான இடம் அந்தக் கரையில் கிடையாது. உள்ளூர் வாசனை குறைவு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் டாக்ஸியிலோ சாலையில் ஓடும் அந்தக் குட்டிச் சுற்றுலா ரயிலிலோ ஏறினால் சூஸுக்கு வந்துவிடலாம். அதனால்தான் முதல் முறை போகிறவர்கள் யார் கேட்டாலும், சூஸுக்கும் காந்தாவிக்கும் இடைப்பட்ட கடற்கரை வரிசையில் ஓட்டல் பாருங்கள் என்பேன். இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரம், பெரிய டிஸ்கோக்களும் இந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன.

அடுத்தது ஹம்மாமெத். இங்கே பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில்தான்: ஹம்மாமெத் என்ற பெயரில் விற்கப்படுவது ஒரே இடம் அல்ல. பழைய ஊர் இருக்கும் பகுதி ஒன்று, சின்னக் கோட்டை, கடலை ஒட்டிய காபிக்கடை, மல்லிகைச் சரம் விற்கும் பையன்கள் என்று அழகாக இருக்கும். அதற்கு வடக்கே நாபுல் போகும் வழியில் ஓட்டல்கள், அங்கே அமைதி அதிகம். தெற்கே இன்னொரு ஓட்டல் வரிசை, இரவுக் கேளிக்கை விடுதிகள் பெரும்பாலும் இந்தத் தெற்குப் பகுதியில்தான். அதையும் தாண்டி இன்னும் தெற்கே யாஸ்மின் ஹம்மாமெத், முழுக்கப் புதிதாகக் கட்டிய ரிசார்ட் பகுதி: அகலமான கடலோர நடைபாதை, படகுத்துறை, கேசினோ, பழைய ஊரைப் போலவே செயற்கையாகக் கட்டிய கடைத்தெரு, அதை ஒட்டி கார்த்தேஜ் லேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா. யாஸ்மினிலிருந்து பழைய ஊருக்குப் போக டாக்ஸி வேண்டும், நடக்கிற தூரம் கிடையாது. பட்டியலில் வெறுமனே ஹம்மாமெத் என்று போட்டிருந்தால் வரைபடத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள். குடும்பத்தோடு, பெரிய வசதியான ஓட்டலில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடந்தால் போதும் என்பவர்களுக்கு யாஸ்மின் நன்றாகவே பொருந்தும். கச்சேரி பிடித்தவர்கள் ஜூலை, ஆகஸ்டில் ஹம்மாமெத்தின் கடலோரத் திறந்தவெளி அரங்கில் நடக்கும் சர்வதேச விழாவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொனாஸ்தீரின் ஸ்கானெஸ் பகுதியில் விலை குறைவு, விமான நிலையம் பக்கம், ஆனால் ஓட்டலுக்கு வெளியே பெரிதாக எதுவும் இல்லை, தலைக்கு மேலே விமானம் வேறு போகும். ரயிலில் ஏறி சூஸுக்கு வரத் தயார் என்றால் சரி. மஹ்தியாவின் மணலும் தண்ணீரின் நிறமும் இந்தக் கரையிலேயே சிறந்தவை என்று தயங்காமல் சொல்வேன், ஆனால் அது சீக்கிரம் உறங்கிவிடும் மீன்பிடி ஊர். ஜெர்பா தீவு எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே ஓட்டலுக்குள் ஆட்டம் பாட்டம் தாராளமாக உண்டு, ஆனால் ஓட்டல்கள் வடகிழக்குக் கரையில் நீளமாகச் சிதறிக் கிடக்கின்றன, முக்கிய ஊரான ஹூம்த் சூக் பல கிலோமீட்டர் தள்ளி. கலகலப்பான தெரு வேண்டுமென்று ஜெர்பாவுக்குப் போகாதீர்கள், ஓய்வு வேண்டும் என்று போங்கள்.

மூன்றாம் படி: மாதம்

ஊர் ஒன்றுதான், ஆனால் பிப்ரவரியில் காந்தாவிக்கும் ஆகஸ்டில் காந்தாவிக்கும் சம்பந்தமே கிடையாது. குளிர்காலத்தில் பகலில் 15, 16 டிகிரி இருக்கும், பல ஓட்டல்கள் மூடிக் கிடக்கும், திறந்திருப்பவற்றிலும் மேடை நிகழ்ச்சி பாதியாகிவிடும். மே மாதம் வெயில் வந்துவிடும், கடல் இன்னும் சூடாகியிருக்காது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான் உண்மையான சீசன். ஜூலை, ஆகஸ்டில் 32, 34 டிகிரி சாதாரணம், சஹாராவிலிருந்து சூடான காற்று அடிக்கும் நாட்களில் 40 தாண்டும். கடல் ஆகஸ்டில் 26 டிகிரி அளவுக்கு வந்துவிடும்.

ஆகஸ்டில் ஐரோப்பியர்கள் மட்டுமல்ல, துனிசியக் குடும்பங்களும், எல்லை தாண்டிக் காரில் வரும் அல்ஜீரியக் குடும்பங்களும், பிரான்சிலிருந்து ஊருக்குத் திரும்பும் துனிசியர்களும் ஒரே சமயத்தில் ஓட்டல்களை நிரப்புவார்கள். திருவிழாக் கூட்டம் பிடிக்கும் என்றால் அதுதான் நேரம். பஃபே வரிசை நீளும், நிழற்குடைக்குப் போட்டி நடக்கும், விலை உச்சத்தில் இருக்கும். கூட்டமும் வேண்டும், உட்கார இடமும் வேண்டும் என்றால் ஜூன் கடைசி அல்லது செப்டம்பர் முதல் பாதி. என் வாக்கு செப்டம்பருக்குத்தான், கடல் இன்னும் சூடாக இருக்கும், விலை இறங்கத் தொடங்கியிருக்கும்.

ரமலான் மாதம் இப்போது குளிர்காலக் கடைசியில் வருகிறது, அதனால் கோடை விடுமுறையைத் தொடாது. அந்தச் சமயத்தில் போனால் பகலில் ஊருக்குள் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், கடைகளில் மது விற்க மாட்டார்கள், ஓட்டலுக்குள் வழக்கம்போல் கிடைக்கும். ஆனால் நோன்பு திறந்த பிறகு பழைய ஊர்த் தெருக்கள் விழித்துக்கொள்வதைப் பார்ப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

நான்காம் படி: ஓட்டலை வரைபடத்தில் பிடியுங்கள்

இப்போதுதான் ஓட்டல். பெயரைப் பார்த்ததும் புகைப்படத்துக்குப் போகாதீர்கள், செயற்கைக்கோள் வரைபடத்துக்குப் போங்கள். கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே சாலை இருக்கிறதா? கடற்கரைக்கு 300 மீட்டர் என்பது நேர்க்கோட்டிலா, நடக்கும் வழியிலா? பக்கத்தில் கட்டி முடிக்காத கட்டடமோ மூடிக் கிடக்கும் ஓட்டலோ இருக்கிறதா? கலகலப்பு என்று நீங்கள் குறித்து வைத்த இடம், அதாவது கடலோரச் சாலையோ படகுத்துறையோ, நடந்து எத்தனை நிமிடம்? 15 நிமிடத்துக்குள் இருந்தால் தினமும் போவீர்கள். 40 நிமிடம் என்றால் முதல் நாள் போவீர்கள், அப்புறம் ஓட்டல் பாரிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

அடுத்து மணலைப் பாருங்கள். ஹம்மாமெத் வளைகுடாவில் சில இடங்களில் கடல் அரிப்பால் மணல் மெலிந்துபோயிருக்கிறது, பழைய புகைப்படத்தில் இருக்கும் அகலம் இப்போது இருக்காது. கரையில் பழுப்பு நிறத்தில் நாடா மாதிரிக் குவிந்து கிடப்பது பொசிடோனியா என்ற கடற்புல். அது அழுக்கு இல்லை, உண்மையில் கரையை அரிப்பிலிருந்து காப்பதே அதுதான், ஆனால் குவியல் பெரிதானால் நாற்றமடிக்கும், குழந்தைகள் தண்ணீருக்குள் இறங்கத் தயங்கும். சில ஓட்டல்கள் தினமும் காலையில் அகற்றுவார்கள், சில ஓட்டல்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். கோடையில் சில வாரங்கள் ஜெல்லி மீன்களும் வரும். இதற்கெல்லாம் சமீபத்தில் தங்கியவர்கள் போட்ட படம்தான் சாட்சி.

துனிசியாவில் கடற்கரை பொதுச் சொத்து. ஓட்டல்காரர்கள் கயிறு கட்டி நிழற்குடை போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான், தண்ணீர் ஓரமாக யார் வேண்டுமானாலும் நடப்பார்கள். ஒட்டகம், குதிரை, பாராசூட், வறுத்த கடலை, கைவளையல் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். தனியார் கடற்கரை என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி ஆளில்லாத கரையை எதிர்பார்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: நட்சத்திரமும் ஆல் இன்க்ளூசிவும்

நட்சத்திரத்தில் ஒன்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அங்கே நட்சத்திரம் கொடுப்பது அந்த நாட்டு முறைப்படி, அதனால் உள்ளூர் நாலு நட்சத்திரம் என்பது பெரும்பாலும் ஐரோப்பாவில் நீங்கள் பழகிய மூன்றுக்குச் சமம். கட்டடம் 1980, 90-களுடையதாக இருக்கும், எனவே கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பது நட்சத்திரத்தை விட முக்கியம். மூன்று நட்சத்திரம் எடுத்தால் அறையில் பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

சாப்பாடும் குடிப்பதும் எல்லாம் அறை விலையிலேயே அடங்கிய ஆல் இன்க்ளூசிவ் எடுக்கலாமா என்றால், எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. சூஸ் நடுவில் தங்கினால் காலை உணவும் இரவு உணவும் உள்ள ஹாஃப் போர்டே போதும், வெளியே சாப்பாடு மலிவு, ருசியும் கூட. ஒரு யூரோவுக்கு அந்நாட்டு நாணயமான தினார் மூன்றுக்குச் சற்று மேல் கிடைக்கும்போது தெருவோர மீன் உணவகத்தை விட்டுவிட்டு மூன்று வேளையும் பஃபே வரிசையில் நிற்பது வீண். காந்தாவி, யாஸ்மினில் குழந்தைகளோடு போனால் ஆல் இன்க்ளூசிவ் லாபம், ஜூஸும் ஐஸ்கிரீமும் ஒவ்வொன்றாகக் காசு கொடுத்தால் கட்டுப்படியாகாது. புக் பண்ணும் முன் இவற்றைக் கேளுங்கள்: பார் எத்தனை மணிக்கு மூடும், வெளிநாட்டு மது சேர்த்தியா அல்லது செல்தியா பீர், உள்ளூர் ஒயின் மட்டுமா, அறையில் தண்ணீர் பாட்டில் தினமும் தருவார்களா, கடற்கரையில் மெத்தைக்குத் தனிக் காசா, லாக்கருக்குத் தனிக் காசா, தனி உணவகத்தில் வாரத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம். ஓட்டல் இரவுக்கான சுற்றுலா வரியைப் பெரும்பாலும் ரிசப்ஷனில் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும், பேக்கேஜ் விலையில் அது இருக்காது.

சைவக்காரர்களுக்கு ஒரு தனிப் பத்தி, இதை எந்த ஓட்டலும் சொல்லாது. பஃபேயில் சாலட், ரொட்டி, பழம், பாஸ்தா என்று பட்டினி கிடக்க வேண்டியிருக்காது, ஆனால் உள்ளூர் உணவில் கவனம் வேண்டும். சுட்ட மிளகாயும் தக்காளியும் அரைத்த மெஷ்வியா சாலட் நம் துவையல் மாதிரி அற்புதமாக இருக்கும், ஆனால் மேலே சூரை மீனும் முட்டையும் வைத்துத்தான் தருவார்கள். காய்கறி கூஸ்கூஸ் என்று போட்டிருந்தாலும் அது இறைச்சிச் சாற்றில் வெந்ததாக இருக்கலாம். கொண்டைக்கடலை சூப்பான லப்லாபியை முட்டையும் மீனும் இல்லாமல் கேட்டு வாங்கலாம், வயிறு நிறையும். மடித்துப் பொரித்த பிரிக்குக்குள் வழக்கமாக முட்டை இருக்கும், உருளைக்கிழங்கு மட்டும் வைத்துக் கேட்டால் போட்டுத் தருவார்கள். காரம் கேட்டால் ஹரிஸ்ஸா என்ற மிளகாய் விழுதுக் கிண்ணத்தையே வைத்துவிடுவார்கள், அது நம் நாக்குக்கு உறவுதான். அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை, இறைச்சி ஹலால்தான், மீனும் நல்ல மீன்.

இன்னொன்று, முழு உடலும் மறைக்கும் நீச்சல் உடையைச் சில ஓட்டல்கள் குளத்தில் அனுமதிப்பதில்லை. முஸ்லிம் நாடுதானே என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் அது தேவை என்றால் ஓட்டலுக்கு எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஆறாம் படி: விமர்சனம் படிக்கும் முறை

மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். நீங்கள் போகும் அதே மாதத்தில் போன வருடம் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள், மே மாதத்தில் ஐந்து மதிப்பெண் வாங்கிய ஓட்டல் ஆகஸ்டில் இரண்டு வாங்கும். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதியதை மொழிபெயர்ப்பில் படியுங்கள், அங்கே அடிக்கடி போகிறவர்கள் அவர்கள்தான், விவரம் அதிகம் இருக்கும். ஒருவர் திட்டியதை விட்டுவிடலாம், ஒரே குறையை நாலு பேர் வெவ்வேறு வாரத்தில் சொன்னால் அது நிஜம்.

நான் தேடும் சொற்கள் மூன்று: ஏசி, பாட்டு, கரப்பான். ஏசி ஏன் என்றால், பல ஓட்டல்களில் அது மையக் கட்டுப்பாடு, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மட்டும்தான் ஓடும், அதற்கு முன்னும் பின்னும் அறையில் பொத்தான் இருக்கும், காற்று வராது. பாட்டு ஏன் என்றால், உங்களுக்கு எந்தக் கலகலப்பு என்று முதல் படியில் பேசினோமே, அதற்கான விடை இங்கே இருக்கிறது. இரவு ஒரு மணிவரை சத்தம் என்று ஒருவர் புலம்பி எழுதியிருந்தால், உங்களுக்கு அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். அனிமேஷன் டீம் பற்றித் தனியாகத் தேடுங்கள். பகலில் குளத்தில் விளையாட்டு, ராத்திரி மேடை நிகழ்ச்சி நடத்தும் அந்த இளைஞர்கள் நன்றாக இருந்தால் சுமாரான ஓட்டல்கூடத் திருவிழாவாகிவிடும், அவர்கள் பெயரைச் சொல்லியே விருந்தினர்கள் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். அப்படி ஒருவரும் எழுதவில்லை என்றால் அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: ஓட்டலுக்குள் எந்த அறை

இதைப் பெரும்பாலானவர்கள் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள், விட வேண்டாம். ஓட்டலின் பகுதி வரைபடத்தை இணையத்தில் தேடுங்கள், இல்லையென்றால் விருந்தினர் படங்களிலிருந்து ஊகியுங்கள். மேடை எங்கே, டிஸ்கோ எங்கே, சமையலறை லாரி வந்து நிற்கும் பக்கம் எது? மேடையிலிருந்து தள்ளி, கடலைப் பார்த்த கட்டடத்தில், இரண்டாம் மாடிக்கு மேல் கேளுங்கள். கடல் தெரியும் அறை என்பதற்கும் ஓரமாகக் கடல் தெரியும் அறை என்பதற்கும் விலையில் மட்டுமல்ல வித்தியாசம், இரண்டாவதில் பால்கனியில் எட்டி நின்று கழுத்தைத் திருப்ப வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பிரெஞ்சில் நாலு வரி மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், மொழிபெயர்ப்புக் கருவி போதும். அங்கே ஆங்கிலத்தை விடப் பிரெஞ்சுக்கு வேகமாகப் பதில் வரும்.

எட்டாம் படி: பேக்கேஜா, தனித்தனியாகவா?

பிரிட்டனிலிருந்து போகிறீர்கள் என்றால் ஏடோல் (ATOL, பயண நிறுவனம் கவிழ்ந்தால் பயணிகளைக் காக்கும் பிரிட்டன் திட்டம்) பாதுகாப்புள்ள பேக்கேஜ் எடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் நிறுவனம் ஒரே இரவில் கவிழ்ந்தபோது பேக்கேஜில் போயிருந்தவர்கள் கூடுதல் செலவில்லாமல் வீடு வந்து சேர்ந்தார்கள், அந்த நிம்மதிக்கு விலை கிடையாது. சூஸ், காந்தாவி, ஹம்மாமெத் எல்லாவற்றுக்கும் என்ஃபிதா விமான நிலையம்தான் வசதி, இரண்டு பக்கமும் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பேக்கேஜில் பேருந்து சேர்த்தியா என்று பாருங்கள், பல ஓட்டல்களில் நின்று நின்று போனால் அதே தூரம் இரண்டு மணி நேரம் இழுக்கும். மொனாஸ்தீரில் இறங்கினால் சாஹேல் மெட்ரோ என்ற ரயில் விமான நிலையத்தை ஒட்டியே சூஸுக்கு ஓடுகிறது, மிக மலிவு.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட் இருந்தால் விடுமுறைக்கு விசா வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் ஐரோப்பாவில் வசிப்பவர்கள், வசிப்புரிமை அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாமல், காசு கட்டும் முன் துனிசியத் தூதரகத்தில் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பாதுகாப்பு

2015 ஜூன் 26 அன்று எல் காந்தாவி கடற்கரை ஓட்டல் ஒன்றில் நடந்த துப்பாக்கித் தாக்குதலில் 38 பேர் உயிரிழந்தார்கள், அதில் 30 பேர் பிரிட்டன்காரர்கள். அது தெரிந்துதான் போக வேண்டும். அதன்பின் பிரிட்டன் இரண்டு வருடங்களுக்கும் மேல் தன் மக்களைப் போக வேண்டாம் என்றது, 2017 ஜூலையில்தான் கடற்கரைப் பகுதிகளுக்கு அந்த எச்சரிக்கையை நீக்கியது. இப்போது ஓட்டல் வாசலில் வண்டிகளைச் சோதிக்கிறார்கள், கடற்கரையில் காவல் இருக்கிறது. லிபிய எல்லையும் அல்ஜீரிய எல்லை ஓர மலைகளும் வேறு கதை, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றுதான் அரசுகள் சொல்கின்றன, அங்கே போனால் உங்கள் காப்பீடும் செல்லாமல் போகலாம். கிளம்பும் முன் உங்கள் நாட்டு அரசின் பயண அறிவுரையைப் படியுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: கஞ்சா விஷயத்தில் அங்கே சட்டம் கடுமை, சிறைதான். ஒருபால் உறவும் சட்டப்படி குற்றம். பெண்கள் ஓட்டல் கடற்கரையில் பிகினி போடுவது சாதாரணம், பழைய ஊருக்குள் போகும்போது தோளும் முழங்காலும் மறைத்தால் தொல்லை குறையும். பின்னாலேயே வந்து கடைக்கு அழைப்பவர்களிடம் லா, ஷுக்ரன் (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள்.

பத்தாம் படி: போய் இறங்கியதும்

தினாரை வெளியிலிருந்து கொண்டுபோகவும் முடியாது, வெளியே எடுத்துவரவும் கூடாது, சட்டம் அப்படி. எனவே விமான நிலைய ஏடிஎம்மில் கொஞ்சம் எடுங்கள், மாற்றினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு தினாருக்கு 1000 மில்லிம், அதனால் டாக்ஸி மீட்டரில் பெரிய எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஏறியதும் மீட்டர் போடச் சொல்லுங்கள், ராத்திரி 9 மணிக்கு மேல் கட்டணம் பாதி கூடும், அது முறைப்படியானதுதான்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் ஏசி, வெந்நீர், கதவுப் பூட்டு, பால்கனிக் கதவு சரிபாருங்கள். சரியில்லை என்றால் அப்போதே ரிசப்ஷனுக்குப் போய்ப் பொறுமையாக, சிரித்த முகத்தோடு வேறு அறை கேளுங்கள். அன்று இல்லை என்றால் நாளைக் காலை பத்து மணிக்கு வாருங்கள் என்பார்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

வெளியூர்ச் சுற்றுலாவை முதல் நாளே ஓட்டலில் புக் பண்ணிவிடாதீர்கள். சூஸில் தங்கினால் எல் ஜெம்முக்கு ரயிலிலேயே ஒரு மணி நேரம்தான், சமவெளி நடுவே திடீரென்று எழும் அந்த மூன்றாம் நூற்றாண்டு ரோமானிய அரங்கம் 35,000 பேர் உட்காரும் அளவுக்குப் பெரியது, பார்க்காமல் வந்தால் பெரிய இழப்பு. கைரவான் பள்ளிவாசலுக்கு லுவாஜ் என்ற பகிர்வு வேனில் போகலாம், ஆள் நிறைந்ததும் கிளம்பும். ஹம்மாமெத்தில் இருந்தால் பழங்கால இடிபாடுகள் உள்ள கார்த்தேஜும் அதன் பக்கத்துக் கடலோர ஊரான சிதி பூ சயீதும் ஒரு நாளில் முடியும். சஹாரா இரண்டு நாள் சுற்றுலா மட்டும் குழுவோடு போவது நல்லது, ஆனால் விடிகாலை மூன்று, நாலு மணிக்குக் கிளப்பிவிடுவார்கள், முந்தைய ராத்திரி டிஸ்கோ வேண்டாம். வெள்ளிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் மது விற்க மாட்டார்கள், வேண்டியவர்கள் வியாழனே வாங்கிவிடுங்கள். கடைசி நாள் மிச்சமிருக்கும் தினாரை விமான நிலையத்தில் பாஸ்போர்ட் சோதனைக்கு முன்பே அந்த ரசீதைக் காட்டி மாற்றிவிடுங்கள், உள்ளே போனபின் அதை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும்.